பத்தாவது பிள்ளையைப் பார்த்தால் சொல்லுங்கள்

தடுப்பூசி மையத்தில் மறுபடியும் "அடுத்த புதன் வாங்க." இது மூன்றாவது புதன். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி என்று அட்டையில் தேதி போட்டுக் கொடுத்ததே அவர்கள்தான். இப்போது அந்த அட்டையைத் தவழ்ந்து போய் எடுத்துத் தின்னும் அளவுக்குப் பிள்ளை வளர்ந்துவிட்டது.

காரணம் உங்களுக்கே தெரியும். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து, தூளைக் கரைத்துவிட்டால் 6 மணி நேரம்தான், அப்புறம் மிச்சம் குப்பைக்கு. அதனால் பத்துப் பிள்ளை சேர்ந்தால்தான் திறப்பார்களாம். வேன்காரர்கூட ஏழு பேர் சேர்ந்தால் வண்டியை எடுத்துவிடுவார்!

இன்று காலை எட்டரைக்கே போய் உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு ஐந்து பிள்ளைகள். பத்து மணிக்கு ஏழு. வாசலில் யார் கைக்குழந்தையோடு தலைகாட்டினாலும் நான் பாதி எழுந்துவிடுவேன், "எத்தனை மாசம்?" ஒருவர் 14 வார ஊசிக்கு வந்தவராம். அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு நியாயமும் இல்லை, ஆனாலும் வந்தது. இன்னொரு குழந்தை கொழுகொழுவென்று இருந்தது, ஒன்பது மாதம் என்று சத்தியமே பண்ணலாம், கேட்டால் ஆறுதானாம். பதினொன்றுக்கு ஒன்பதாவது வந்தது. பெஞ்சில் இருந்த ஒரு அப்பா, தெருவில் போய் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார், விளையாட்டுக்கு இல்லை. பதினொன்றரைக்குப் பத்தாவதும் வந்தேவிட்டது! சிஸ்டர் குளிர்பெட்டியில் கை வைக்கிறார், அந்த நேரம் பார்த்து ஏழாம் டோக்கன் தும்மியது.

"சளியா? சரியானப்புறம் கூட்டிட்டு வாங்க."

லேசான சளிக்கெல்லாம் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம் என்ற போஸ்டர் அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. மறுபடி ஒன்பது. பெட்டி மூடியாயிற்று.

தட்டம்மைக் கிருமி மட்டும் இப்படிப் பொறுமையாக இருந்தால் தேவலை. நோய் வந்தவர் எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் இருக்குமாம், தடுப்புச் சக்தி இல்லாத கூட்டம் கிடைத்தால் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவுமாம். நாங்கள் மூன்று மணி நேரம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்ததும் அப்படிப்பட்ட கூட்டம்தானே. ஒரே ஒரு குழந்தை வந்திருந்தாலும் குப்பியைத் திறந்து போடுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இதை நான் சொன்னபோது சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அவரைச் சொல்லியும் என்ன. வீணாய்ப் போன ஒவ்வொரு டோஸுக்கும் மேலே இருப்பவர்கள் அவரிடம்தான் கணக்குக் கேட்பார்கள். திருப்பி அனுப்பிய பிள்ளைகளை எழுத எந்த நோட்டும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது கைபேசியில் குறுஞ்செய்தி: "உங்கள் குழந்தையின் தடுப்பூசித் தவணை கடந்துவிட்டது. தாமதிக்காமல் மையத்தை அணுகவும்." பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். என்னைப் பார்த்துப் பிள்ளையும் சிரித்தது.

அதுகூடப் பரவாயில்லை. அட்டையில் புதுத் தேதி எழுத என் பேனாவை வாங்கினாரே, அதைத் திருப்பித் தரவேயில்லை. மூன்று புதன், மூன்று பேனா.