வள்ளலார் அப்படிச் சொல்லவில்லை

‘வாடிய பயிருக்கே வள்ளலார் வாடினார், ஆகவே கீரை கிள்ளுவதும் ஆடு அறுப்பதும் அவருக்கு ஒன்றுதான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இதே கேள்வியை ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ நூலில் அவரே எழுப்பி விடையும் சொல்லியிருக்கிறார். தாவரம் ஓரறிவு உயிர். அதன் விதை, காய், கனி, தழையை எடுப்பது நகமும் மயிரும் களைவதைப் போன்றது, கொலை ஆகாது என்பது அவர் வாதம். கீரைத்தண்டை வேரோடு பிடுங்குகிறோமே என்று நீங்கள் மறுக்கலாம், தாராளமாக. ஆனால் அவர் சொல்லாததை அவர் வாயில் திணிக்காதீர்கள்.

நான் கடலூர் துறைமுகத்தில், செவுள் இன்னும் துடிக்கும் மீனைப் பார்த்து வாங்குகிறவன். பசித்தோர்க்குச் சோறிட வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையில், 1867 முதல் அணையாத அடுப்பின் சோற்றையும் உண்டிருக்கிறேன். புலால் உண்போரைப் புறவினத்தார், அதாவது தம் உறவல்லாதவர், என்ற வள்ளலார், அவர்களுக்கும் பசி தீர்க்கவே சொன்னார்.