டஸ்கிகீயில் நோயை ஊசியில் ஏற்றினார்களா?

“அமெரிக்க அரசு கறுப்பின மக்களுக்குச் சிபிலிஸ் (பால்வினை நோய்) கிருமியை ஊசியில் ஏற்றி ஆராய்ந்தது” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. டஸ்கிகீ ஆய்வைப் பற்றிய இந்தத் தகவல் தவறு. நடந்தது வேறு. அதுவும் கொடுமைதான்.

1932இல் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகீ ஊர் இருக்கும் மேக்கன் வட்டாரத்தில் தொடங்கிய ஆய்வில் சேர்க்கப்பட்ட 600 பேரில் 399 பேருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது. அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. “கெட்ட ரத்தம்” என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததை ‘சிறப்பு இலவச சிகிச்சை’ என்று கடிதத்தில் எழுதினார்கள். இலவசச் சாப்பாடும் ஈமச்செலவுக்குப் பணமும் உண்டு. பென்சிலின் இந்நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் அதை மட்டும் கொடுக்கவில்லை. 1972இல் செய்தி வெளியான பிறகே ஆய்வு நின்றது.

உள்ளூர் மக்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கறுப்பினச் செவிலியரும் உள்ளூர் மருத்துவர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் நோயாளிகளைக் கேட்டு எதுவும் முடிவாகவில்லை.

கிருமியை வேண்டுமென்றே தொற்றவைத்தது குவாத்தமாலாவில், 1946 முதல் 1948 வரை, அமெரிக்க ஆய்வாளர்கள். இரண்டையும் குழப்பியதில் பிறந்த வதந்தியாக இருக்கலாம்.

இன்று அமெரிக்காவில் மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழுவில் அறிவியல் துறை சாராத ஒருவராவது இருக்க வேண்டும்.