"நீ ஸ்ட்ரோங்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

வெள்ளிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நோயாளி, என்னோடு வேலை செய்யும் கறுப்பின நேர்ஸ் அக்காவை நிறவெறியோடு ஏசினார். அந்த வார்த்தையைத் திரும்ப எழுதவில்லை. அந்த நோயாளி சொன்ன வார்த்தையைவிட, பிறகு மனேஜர் அக்காவிடம் சொன்னதுதான் மூன்று நாளாக என் நெஞ்சில் கிடக்கிறது. "நீ ஸ்ட்ரோங்கான ஆள், சமாளித்துவிடுவாய்." அவ்வளவுதான். அடுத்த நாளும் அக்காவுக்கு அதே நோயாளியின் கட்டில்தான்.

அக்கா கானாவில் பிறந்தவர். எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர். அன்று இரவு மருந்து அறையில் நின்றபடி முறைப்பாட்டு ஈமெயில் எழுதினார். ஒரு வரி எழுதுவார், அழிப்பார். "இதை வாசித்தால் நான் சண்டைக்காரி மாதிரித் தெரிகிறேனா?" என்று என்னிடம் கேட்டார். கடைசியில் மிஞ்சியது நாலு வரி. அதில் இரண்டு வரி நன்றி.

போன வருஷம் ஷிப்ட் பிரச்சினையில் நான் அழுதேன். எனக்குத் தேத்தண்ணி வந்தது, இரண்டு நாள் லீவும் வந்தது. அதே பிரச்சினையை அக்கா அமைதியாகச் சொன்னதற்கு "அக்ரஸிவ்" என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்ட்ரோங் என்பது பாராட்டுதானே என்கிறீர்கள். இல்லை. உனக்கு உதவி தேவையில்லை என்று நாங்களே முடிவெடுப்பதுதான் அது. 2016இல் வெளிவந்த வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பியிருந்தார்கள். வலியே குறைவு என்று நினைப்பவர் வலிமருந்து கொடுப்பாரா?

"வாய் திறந்து பேச வேண்டியதுதானே" என்று இன்னொருவர். டயான் அபொட் 1987இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் கறுப்பினப் பெண். அவரைச் சுட வேண்டும் என்று ஒரு கட்சி நன்கொடையாளர் முன்பு பேசியது 2024 மார்ச்சில் வெளிவந்தது. அந்த வாரம் பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரத்தில் சபையே அதைப் பற்றித்தான் கதைத்தது. பேச இடம் கேட்டு அபொட் நாற்பது தடவைக்கு மேல் எழுந்து நின்றார். ஒரு தடவைகூட அழைக்கப்படவில்லை. நேரம் போதவில்லையாம். அவரைப் பற்றிய பேச்சு, அவருடைய வேலையிடம், அவருக்கு மட்டும் நேரமில்லை! நாடாளுமன்றத்திலேயே அப்படி என்றால், நைட் ஷிப்டில் நிற்கும் ஒரு நேர்ஸ் யாரிடம் போய்ப் பேசுவது?

"உனக்கும்தானே நிறவெறி நடக்கிறது, அதை எழுது" என்பவர்களுக்கு: நடக்கிறது. அதையும் எழுதுவேன். இன்றைக்கு இது.

சரி, வெள்ளைக்காரரை மட்டும் ஏன் சொல்கிறேன்? எங்கள் வீடுகளில் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் "காப்பிலி" என்ற சொல் எவ்வளவு சாதாரணமாக வருகிறது. பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்கிறோம். என் வீட்டிலும் சொன்னார்கள், நானும் பேசாமல் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நின்றேன். கையில் சேலைன் பை, வாயில் ஒரு சொல் இல்லை. அக்கா ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

நேற்று இரவு நான் பார்த்ததை, கேட்டதை, நேரத்தோடு எழுதி முடித்தேன். அந்தக் கட்டிலை இனி எனக்குத் தாருங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். அனுப்ப முதல் அக்காவுக்குக் காட்டினேன். வாசித்துவிட்டு, "உன் பெயரைப் போடாதே பிள்ளை, உனக்குத்தான் பிரச்சினை வரும்" என்றார்.

பெயரைப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன்.