கடைமடையில் ஒரு கருந்துளைப் பஞ்சாயத்து

சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ‘நாம் வாழ்வதே கருந்துளைக்குள்! விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்!’ அதோடு விடவில்லை. சாயங்காலம் மதகுக் கட்டையில் பிடித்து உட்காரவைத்து, "ஏன்டா தம்பி, நீதான் பிசிக்ஸ் படிச்சவனாச்சே, நெசந்தானா?" என்றார்.

‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘நிரூபிச்சாச்சு’ என்பதற்கும் நடுவில் மேட்டூருக்கும் எங்க ஊருக்கும் உள்ள தூரம் கிடக்கிறது. எனக்கு எரிச்சல் அதில்தான்.

யோசனை ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. பிசிக்ஸ் எம்.எஸ்சி. மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் வழியாகத் தெரிந்த ஆர்.கே. பத்ரியா, 1972-லேயே ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். உள்ளே போன ஒளிகூட வெளியே வர முடியாத இடம்தான் கருந்துளை. அதைச் சொன்னதும் கல்லாக இறுகிய ஒன்று என்று நினைக்கிறோம். சின்னதென்றால் அப்படித்தான்: பூமியைக் கருந்துளையாக்க 9 மில்லிமீட்டர் ஆரத்துக்குள் அமுக்க வேண்டும். ஆனால் நிறை இரண்டு மடங்கானால் கருந்துளையின் ஆரமும் இரண்டு மடங்காகும், கொள்ளளவோ எட்டு மடங்காகும். அதனால் பெருக்கப் பெருக்க அடர்த்தி குறையும். 2019-ல் படம் வெளியானதே, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளை, அதன் நிறை சுமார் 650 கோடி சூரியன்கள். சராசரி அடர்த்தி பார்த்தால் நாம் மூச்சுவிடும் காற்றைவிடக் குறைவு! அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே போகிறவனுக்கு, தாண்டிய அந்தக் கணத்தில் உடம்பில் ஒன்றுமே தெரியாது.

பிரபஞ்சத்தின் சராசரி அடர்த்தியை வைத்து இதே கணக்கைப் போட்டால், கருந்துளையின் ஆரம் கிட்டத்தட்ட 1,400 கோடி ஒளியாண்டு வருகிறது. பிரபஞ்சம் விரியும் வேகத்திலிருந்து கிடைக்கும் ஹபிள் தூரமும் அதுவே. வீடியோக்காரர் இந்த இடத்தில் பின்னணி இசையை ஏற்றிவிட்டார். எனக்கோ இதுதான் இருப்பதிலேயே சொத்தை வாதம். பிரபஞ்சம் தட்டையானது, அதாவது அதன் வெளி ஒட்டுமொத்தமாக வளையாதது என்று எடுத்துக்கொண்டாலே விரிவுச் சமன்பாட்டிலிருந்து அந்தப் பொருத்தம் தானாக வந்து விழும். ஒரு மரக்காலால் நெல்லை அளந்து கொட்டிவிட்டு, அதே மரக்காலால் திரும்ப அளந்து "அட, சரியா இருக்கே!" என்பது மாதிரி.

இன்னொரு சிக்கல், காலம். கருந்துளைக்குள் விழுந்தவனுக்கு எல்லாம் நசுங்கி முடியும் ஒருமைப்புள்ளி எதிர்காலத்தில் காத்திருக்கும். நமக்கோ அந்த மாதிரிப் புள்ளி, பெருவெடிப்பு, 1,380 கோடி ஆண்டுகள் பின்னால் இருக்கிறது. தலைமடையும் கடைமடையும் இடம் மாறிக் கிடக்கின்றன. இதைச் சமாளிக்க 2010-ல் நிக்கொடெம் போப்லாவ்ஸ்கி என்ற இயற்பியலாளர் ஒரு வழி சொன்னார்: துகள்களின் தற்சுழற்சியால் பொருள் ஒரு புள்ளியாக நசுங்காமல் எகிறித் திரும்பும், அந்தப் பக்கம் புதுப் பிரபஞ்சமாக விரியும். அழகான யோசனை. எனக்குப் பிடித்ததும் இதுதான். பிடித்திருப்பதால் உண்மையாகிவிடுமா?

வீடியோவின் ‘நிரூபணம்’ 2025-ல் லியோர் ஷமிர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் 263 விண்மீன் மண்டலங்களைப் பார்த்ததில், பாதிக்குப் பாதி இருக்க வேண்டியது போக, 158 ஒரே பக்கமாகச் சுழல்கின்றனவாம். நம் பிரபஞ்சத்தைப் பெற்ற தாய்க் கருந்துளையின் சுழற்சி நமக்கும் ஒட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நம் பால்வீதியே சுழல்வதால் ஒரு பக்கம் சுழல்பவை கூடுதல் பிரகாசமாகத் தெரிந்து, எண்ணிக்கையிலும் கூடியிருக்கலாம் என்பது அவரே சொன்ன இன்னொரு விளக்கம். இரண்டாவதை வீடியோவில் காணோம்.

(போகிறபோக்கில்: வெண்குள்ளன் எனும் நட்சத்திரச் சடலங்களுக்கு எடை வரம்பு உண்டு என்று 1930-ல் கப்பலில் கணக்குப் போட்ட சந்திரசேகர், திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனின் அண்ணன் மகன். இதைச் சொன்னதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.)

எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, உள்ளதான் இருக்கோம்னே வச்சுக்க. நாம இங்க பண்றது வெளிய இருக்கவனுக்குத் தெரியுமா?"

"ஒரு சேதியும் போவாது சித்தப்பா."

"மேட்டூர் தொறந்ததும்?"

"அதுவுந்தான்."

காய்ந்த வாய்க்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தொறந்து பத்து நாளாச்சு. இங்கயே இன்னும் வந்து சேரலயேடா."