முட்டைக்கு ஒரு ரசீது

(பொறையாறு கடைத்தெருவில் ஒரு டீக்கடை. தேவாலயத்தில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள் காலை. மாப்பிள்ளை, சபை நடத்தும் சுயநிதிப் பள்ளிக்கு ரசீதுப் புத்தகத்தோடு அலைபவர். மாமா விவசாயி, ஐயனார் கோயில் தர்மகர்த்தா. பேத்தி அந்தப் பள்ளியில் படிக்கிறாள்.)

மாமா: மாப்பிள்ளை, நேற்று அந்தக் கோழியை எத்தனை தடவைதான் ஏலம் விட்டாய்?

மாப்பிள்ளை: ஐந்து தடவை. எடுத்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் என்ன செய்வேன்?

மாமா: ஆளாளுக்குக் காலைப் பிடித்துத் தூக்கினால் அது என்ன செய்யும்? மேசையிலேயே முட்டையிட்டுவிட்டது.

மாப்பிள்ளை: வம்பே அதில்தான். மூன்றாவது ஏலத்துக்கும் நான்காவது ஏலத்துக்கும் நடுவில் இட்டது. "கோழியைத்தான் கொடுத்தேன், முட்டையைக் கொடுக்கவில்லை" என்று ஒருவர் மல்லுக்கு நின்றார். கடைசியில் போதகர் முட்டையையும் ஏலம் விடச் சொல்லிவிட்டார்.

மாமா: சம்பந்தி எழுநூறு என்றார். அவருக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? ஆயிரம் என்றுவிட்டேன். சரி, வரிச் சலுகைக்கு ஒரு ரசீது போடு.

மாப்பிள்ளை: அது நன்கொடைக்கு மாமா. நீங்கள் செய்தது முட்டை வியாபாரம். அதோடு, நெல் விற்ற பணத்துக்கு வருமான வரியே கிடையாதே, எதில் கழிப்பீர்கள்?

மாமா: வரியில் யார் கழிக்கச் சொன்னார்கள்? உன் அத்தை கேட்கும் கேள்வியில் கொஞ்சம் கழியும்.

மாப்பிள்ளை: அத்தை தங்கம். மாரியம்மன் கூழுக்கு ஒரு பானை, பள்ளிக்கூடத்துப் பிடியரிசிக்கு ஒரு பானை என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

மாமா: அந்தப் பிடியரிசியை எல்லா வீட்டிலும் வாங்கி ஒரே மூட்டையில் கொட்டுகிறாயே! பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாக. போன மாதம் விடுதியில் சாப்பிட்டேன். பாதி கஞ்சி, பாதி கல். இந்தப் பாடு படுவதற்குப் பள்ளிக் கட்டணத்தை ஏற்றினால் என்ன?

மாப்பிள்ளை: அரசின் கட்டணக் குழு போட்டதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்க முடியாது. அந்தக் கட்டணமாவது வருகிறதா? பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது, பணம் மேட்டூர் திறந்து குறுவை அறுத்த பிறகுதான் வருகிறது. ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு காலணா தராது.

மாமா: 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினாரே சீகன்பால்கு பாதிரியார், அவர் கோழியா ஏலம் விட்டார்?

மாப்பிள்ளை: அவரை அனுப்பியது டென்மார்க் ராஜா. அச்சு இயந்திரத்தை லண்டன்காரர்கள் கப்பலில் அனுப்பினார்கள். நமக்கு ராஜா யார் இருக்கிறார்? நீங்கள்தான்.

மாமா: ராஜாவா! சரி, ரசீதில் "முட்டை" என்று எழுதாதே. "ஆறாம் வகுப்புக் கூரை" என்று எழுது.

மாப்பிள்ளை: எழுதிவிட்டேன். ஆயிரத்தை எடுங்கள்.

மாமா: நெல் கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கினால்தான் எடுப்பார்கள். எடுத்த அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை: மாமா, நேற்று ராத்திரி முழுக்க மழை.

மாமா: அதனால்தான் சொல்கிறேன், கூரையைச் சீக்கிரம் போடு.

மாப்பிள்ளை: அந்த முட்டையையாவது திருப்பிக் கொடுங்கள்.

மாமா: காலையில் பேத்திக்கு அவித்துக் கொடுத்தாயிற்று. உன் பள்ளிக்கூடத்துக்குத்தானே படிக்கப் போயிருக்கிறாள்?