நீர்க்கடுப்புக்குக் கஷாயம் மட்டும் போதாது

பெங்களூரு அல்சூர் பக்கத் தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "நீர்க்கடுப்பா? ஆன்டிபயாடிக்கை நிறுத்துங்கள். நெருஞ்சில் கஷாயமும் பார்லி தண்ணீரும் மூன்றே நாளில் குணமாக்கும்." இது தவறு.

நீர்க்கடுப்பு பெரும்பாலும் சிறுநீர்ப் பாதைத் தொற்றால் வருவது; இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை பாக்டீரியா. கஷாயம் அதை ஒழிக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. லேசான தொற்று சிலருக்குத் தானாகவே அடங்கும்; நல்ல பெயர் கஷாயத்துக்குப் போய்விடுகிறது. இதற்குப் பலர் சொல்லும் கிரான்பெர்ரிப் பழம்கூட, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு மறுபடி வராமல் தடுக்கத்தான் உதவும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பில் இதைப் பார்க்கலாம்.

பார்லி தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் டாக்டர் எழுதிய மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் சாதாரண எரிச்சலுக்கே போய்விட வேண்டும். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.