நாலு கதவுக் காரை வெட்டாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று என் 1972 ப்யூக் எலெக்ட்ரா காரை விலைக்குக் கேட்டார். விற்பதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் போகும்போது கராஜ் திறந்திருந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் பேசினார். பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னார், காட்டினேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் போதும், தன்னிடம் இருக்கும் இரண்டு கதவு வண்டியில் அதைப் போடப்போகிறேன் என்றார். மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அது நாலு கதவுதானே, எடைக்குப் போட்டுடலாம்" என்றார்.

அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. மிச்சிகனில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வாயில் இந்த "நாலு கதவுதானே"வை எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் வண்டியைப் பற்றி. எலெக்ட்ரா 225 என்பதில் இருக்கும் 225 எஞ்சின் கணக்கு இல்லை, நீளம். 1959ல் இந்தப் பெயரில் முதல் வண்டி வந்தபோது முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை 225 அங்குலம், அதையே பெயராக வைத்துவிட்டார்கள். என்னுடையது அதைவிடவும் சற்று நீளம், ஏறக்குறைய 19 அடி. எடை இரண்டு டன்னைத் தாண்டும். உள்ளே 455 கன அங்குல, எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், நம் கணக்கில் ஏழரை லிட்டர். இதை 2016ல் ஓஹையோவில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன், அதே மாதம் என் அலுவலக நண்பர் வாங்கிய ஐந்து வருடப் பழைய கேம்ரி இதைவிட விலை அதிகம். இதே வருடத்து இதே எஞ்சின் போட்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் மாடலாக இருந்திருந்தால் நான் கிட்டவே போயிருக்க முடியாது.

அடுத்த வருடம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். கராஜ் கதவு மேலே போனதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "டேய், இது படகு கார்டா" என்றார். அவர் வயதுக்காரர்களுக்கு அமெரிக்க வண்டி எல்லாமே படகு கார், இல்லாவிட்டால் பிளஷர். இங்கேயும் இவற்றைப் படகு என்றுதான் சொல்கிறார்கள் என்று சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். முன்னால் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையையும் சீட்டின் மேல் விரித்துக்கொண்டு ஏரிக்கரை வரை வந்தார்.

ஓட்டாதவர்களுக்கு இதன் சுகத்தை எப்படிச் சொல்வது? ஏப்ரல் மாதம் மழை இரண்டு மூன்று தடவை பெய்து பனி உருகுவதற்காக ரோட்டில் கொட்டிய உப்பைக் கழுவிவிட்ட பிறகுதான் வெளியே எடுப்பேன். (டெட்ராய்ட்டுக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது, அங்கே வெட்டும் உப்பு ரோட்டுக்குத்தான் வருகிறது. கார் செய்த ஊரின் மண்ணுக்கு அடியிலேயே காரைத் தின்னும் உப்பு.) ஐந்து மாதம் நின்றதில் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் எல்லாம் ஆவியாகியிருக்கும். ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை தரை வரை அழுத்தி விட்டால் சோக் மூடிக்கொள்ளும், அப்புறம் சாவி. பத்து வினாடி சுற்றும், ஒன்றும் நடக்காது. கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடியும். மூன்றாவது தடவை ஒரு சிலிண்டர் இருமும், இன்னொன்று சேரும், திடீரென்று எட்டும் பிடித்துக்கொண்டு கராஜ் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பேனர்கள் எல்லாம் அதிரும். ஒரு நிமிடம் அந்த வேகத்திலேயே உறுமட்டும் என்று விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டினால் சத்தம் படிப்படியாக இறங்கி வந்து, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியாத அளவுக்கு அமைதியாகும். வருடத்தில் எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான்.

ரோட்டுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். பள்ளம் வந்தால் குலுக்காது, மெதுவாக ஒரு தடவை அமுங்கி எழும், அவ்வளவுதான். ஹைபீம் மாற்றும் ஸ்விட்ச் இடது காலடியில் தரையில் இருக்கிறது. பெட்ரோல் மூடி பின் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், பிளேட்டையே கீழே மடக்கித்தான் திறக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மூடியைத் தேடுவார்.

இந்த வண்டியின் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரை நடுவில் தூணே கிடையாது. திண்ணை மாதிரி ஒரே திறப்பு. தூணில்லாத இரண்டு கதவு வண்டிகளும் உண்டுதான், ஆனால் நான்கு கதவையும் தூணில்லாமல் நிறுத்துவது வேறு வேலை. பின் கதவின் கீல், ரப்பர், கண்ணாடி வந்து உட்காரும் இடம் எல்லாம் நூல் பிடித்த மாதிரி அமைய வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய வண்டிகளில் 1976 தான் இதற்குக் கடைசி வருடம். அடுத்த வருடமே எலெக்ட்ராவின் நீளத்தில் ஒரு அடிக்குக் கிட்டக் குறைத்துவிட்டார்கள், நடுவில் தூணும் வந்துவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடி, 1975ல் வந்த எரிபொருள் சட்டம் என்று அதற்கான காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது, இந்த அமைப்பு திரும்ப வரவில்லை, வரப்போவதும் இல்லை. இருப்பதில் ஒன்று போனால் ஒன்று போனதுதான்.

சரி, அப்படியிருந்தும் ஏன் இதற்கு மதிப்பில்லை? ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவுக்கு வந்து பாருங்கள். 1995லிருந்து நடக்கும் ட்ரீம் குரூஸ், பான்டியாக் நகரம் வரைக்கும் மைல் கணக்கில் பழைய கார்கள். மஸ்டாங், ஜிடிஓ, திறந்த கூரை காடிலாக் எல்லாம் வரிசையாக வரும், நாலு கதவு எண்ணிப் பார்த்தால் கொஞ்சம்தான். வயசுப் பையனாக இருந்தபோது வாங்க முடியாத காரை வயதான பிறகு வாங்குகிறார்கள், அது இயல்புதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு இரண்டு கதவு வண்டியை எழுப்ப நல்ல நிலையில் இருக்கும் ஒரு நாலு கதவைக் கொல்கிறார்கள். டாஷ்போர்டு, பம்பர், எஞ்சின் என்று பிய்த்துக்கொண்டு மிச்சத்தைக் கிரஷருக்கு அனுப்புகிறார்கள். அதில் தப்பித்தது கிராமத்துச் சந்தைகளில் நடக்கும், பழைய கார்களை ஒன்றோடொன்று மோதி உடைக்கும் டெமாலிஷன் டெர்பி போட்டிக்குப் போகிறது. அறுபதுகளின் கிரைஸ்லர் இம்பீரியல் மோதலில் அசைக்கவே முடியாத அளவுக்குத் திடமாக இருந்ததால் பல டெர்பிகளில் அதற்குத் தடையே போட்டிருக்கிறார்கள். அந்தத் தடையால் பிழைத்த இம்பீரியல்கள் உண்டு. ப்யூக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கண்காட்சிக்கு மட்டும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மிச்சிகனில் பழைய வண்டிக்கென்று தனி நம்பர் பிளேட் தருகிறார்கள், கட்டணம் குறைவு. ஆனால் அதை மாட்டினால் கண்காட்சி, அணிவகுப்பு, கிளப் வேலைக்குத்தான் எடுக்கலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் விதிவிலக்கு. நான் சாதாரண பிளேட்தான் போட்டிருக்கிறேன். மளிகைக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன், டிக்கியில் நாலு மூட்டை அரிசி வைத்தாலும் இடம் மிச்சம். ஓடாமல் நின்றால் இந்த வண்டிகளில் ரப்பர் வெடிக்கும், பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். ஓட்டுவதுதான் பராமரிப்பு.

பெட்ரோல் விஷயத்தைப் பலர் கேட்பார்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஒரு காலனுக்குப் பத்து மைல், அதாவது லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம். வருடம் இரண்டாயிரம் மைல் ஓட்டுகிறேன், அதற்கு 200 காலன். 25 மைல் கொடுக்கும் சாதாரண வண்டியில் வருடம் பன்னிரண்டாயிரம் மைல் ஆபீஸ் போய்வருகிறவர் 480 காலன் எரிக்கிறார். இதில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது, அது 1975ல்தான் வந்தது. ஆக, வரும் புகை இன்றைய வண்டியைவிட மோசம், அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இதை அன்றாட வண்டியாக வைத்துக்கொள்ளச் சொல்லி யாருக்கும் நான் சொல்வதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நம் ஆட்கள் ஒரு பொய்யை நம்புகிறார்கள். "அந்தக் காலத்துத் தகரம், மோதினால் எதிர் வண்டிதான் போகும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். 2009ல் இங்கே காப்பீட்டு நிறுவனங்களின் சோதனைக்கூடத்தில் ஒரு 1959 ஷெவர்லே பெல் ஏரையும் 2009 ஷெவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். மாலிபு ஓட்டுநருக்குக் காலில் லேசான காயத்தோடு போயிருக்கும், பெல் ஏர் ஓட்டுநர் பிழைத்திருக்க மாட்டார். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு நான் ஓட்டும் விதமே மாறிவிட்டது. முன் வண்டிக்கும் எனக்கும் இரண்டு மடங்கு இடைவெளி விடுகிறேன், இருட்டில் ஹைவே ஏறுவதில்லை, பெல்ட் போடாமல் யாரையும் ஏற்றுவதில்லை.

ஒரு தடவை நிஜமாகவே பயந்தேன். எரிபொருள் குழாயை மாற்றச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்திருந்தேன். இன்றைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், பழைய வகை ரப்பரை அது இளக்கிவிடும். அதற்கென்று வரும் குழாயைப் போடச் சொல்லித்தான் கொடுத்தேன், அவர்கள் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து ஐ-75 ஹைவேயில் ஃபிளின்ட் நகரத்தை நெருங்கும்போது பெட்ரோல் வாசனை. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால், சூடான எஞ்சின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் என் மகள். அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. அதற்குப் பிறகு குழாய், பிரேக் இரண்டையும் நானே பார்க்கிறேன், டிக்கியில் எப்போதும் தீயணைப்பான் இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் குழாயின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அன்று ஃபிளின்ட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கி, குழாய் வாங்கி மாற்றினோம். ப்யூக்கின் சொந்த ஊர் அது, ப்யூக் சிட்டி என்று ஊருக்குள் ஊராக இருந்த ஆலையை 1999ல் மூடிவிட்டார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெண்மணி தன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். "டூஸ் அண்ட் எ குவார்ட்டர்" என்றார். இருநூற்று இருபத்தைந்துக்கு அவர்கள் வீடுகளில் வழங்கும் செல்லப் பெயர் அது, காரின் அசல் பெயரை அவர் சொல்லவே இல்லை. அவருடைய தாத்தா அலபாமாவிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர், எலெக்ட்ரா வைத்திருந்தாராம். ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு ஓட்டுவாராம். பின் சீட்டில் கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டார்.

கதவைத் திறந்துவிட்டேன். இடது ஓரத்தில் போய் உட்கார்ந்தார். "இது என் இடம், அங்கே என் தம்பி, நடுவில் பாட்டி கொடுத்துவிட்ட கோழி வறுவல் டப்பா" என்று கையால் காட்டினார். கண்ணாடியை இறக்க ஸ்விட்சை அழுத்தினார், அது இறங்கவில்லை. என் வண்டியில் பின் இடது ஜன்னல் மோட்டார் வேலை செய்வதில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மூடிய கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். இரண்டு கதவு வண்டியில் அந்த இடத்துக்கென்று ஒரு கதவே இருந்திருக்காது. என் மகள் முன் சீட்டிலிருந்து திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, வரும் ஆகஸ்டில் அம்மாவைக் கூட்டிவருகிறேன், அவளையும் உட்கார வைக்க வேண்டும் என்று நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

நானும் பாகம் வாங்குகிறவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருடத்து வண்டிக்குப் பாகம் செத்த வண்டியிலிருந்துதான் வரும். ஆனால் சேசிஸ் வரை துரு தின்ற வண்டியிலிருந்து எடுப்பது வேறு, நேற்று வரை ஓடிய வண்டியை எஞ்சினுக்காக அறுப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை வந்தவரிடமும் இதையேதான் சொன்னேன். துருப்பிடித்து நிற்கும் எத்தனையோ வண்டிகளில் இதே எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று சொல்லி அவர் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் விசாரித்தாகிவிட்டது. அப்படி விசாரித்த ஒரு கிடங்கில், தரை முழுக்க ஓட்டையாகிப்போன ஒரு 1971 எலெக்ட்ராவில் பின் இடது ஜன்னல் மோட்டார் ஓடுகிறதாம். நேற்று பணம் அனுப்பிவிட்டேன், அடுத்த வாரம் வந்துவிடும். ஆகஸ்டுக்குள் மாட்டிவிடலாம்.